வெளுத்ததெல்லாம் வைத்தியம்

சென்ற இதழில் வந்த ‘பால் தரும் பளபளப்பு’ கட்டுரையைப் படிக்க ஆரம்பித்தபோது சிரிப்புத்தான் வந்தது. கரப்பான் வந்த கைக்குழந்தைக்குக் காய்ச்சாத பாலில் பஞ்சை நனைத்துத் தினம் இரண்டு வேளை துடைத்துவிடச் சொல்லும் பத்திக்கு வந்ததும் சிரிப்பு நின்றுபோனது. அந்தப் பத்தி மட்டும் இல்லாமல் இருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். வளர்ந்தவர்கள் தங்கள் முகத்தில் பாலை ஊற்றிக்கொள்ளட்டும், பாயசத்தை ஊற்றிக்கொள்ளட்டும், அது அவரவர் பாடு. குழந்தைக்கு வாய் இல்லை.

கட்டுரையாளரின் வாதம் இவ்வளவுதான். பாலில் லாக்டிக் அமிலம் இருக்கிறது, லாக்டிக் அமிலம் தோலைப் புதுப்பிக்கும் என்று விஞ்ஞானமே ஒப்புக்கொள்கிறது, ஆகவே பால் தடவினால் முகம் வெளுக்கும். பாலில் புரதமும் வைட்டமினும் நிறைந்திருக்கின்றன, ஆகவே அது தோலுக்கு ஊட்டம். கிளியோபாட்ராவும் தடவினாள், நம் பாட்டியும் தடவினாள், இயற்கைப் பொருள் வேறு, ஆகவே பக்கவிளைவே கிடையாது. ஒவ்வொரு ‘ஆகவே’யிலும் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு விழுந்திருக்கிறது. நடுநடுவே விஞ்ஞானச் சொற்களைத் தூவிப் பூசி மெழுகியிருப்பதால் முடிச்சு சட்டென்று கண்ணில் படாது.

பல வருடங்கள் எனக்குச் சோறு போட்டது பால் பரிசோதனைக் கூடம். அதனால் அமிலத்தில் இருந்தே தொடங்குகிறேன். சொசைட்டியில் இருந்து கேன்கள் வந்து இறங்கியதும் நாங்கள் முதலில் பயப்படுவது தண்ணீருக்கு அல்ல, புளிப்புக்குத்தான். தண்ணீர் கலந்திருந்தால் லாக்டோமீட்டர் காட்டிக்கொடுத்துவிடும், பணத்தைக் குறைத்துக்கொள்ளலாம். புளித்த பாலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு கேன் புளித்தது மொத்தத் தொட்டியையும் கெடுத்துவிடும். சோதனைக் குழாயில் கொஞ்சம் பால் எடுத்துக் கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்துவோம். குழாயைச் சாய்த்துப் பார்த்தால் கண்ணாடியில் வெள்ளைப் பொடிகள் ஒட்டியிருக்கும். அவ்வளவுதான், அந்தக் கேன் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். சந்தேகம் இருந்தால் பீங்கான் கிண்ணத்தில் பாலை விட்டு, பினாப்தலீன் சில சொட்டு சேர்த்து, பியூரெட்டில் இருந்து காஸ்டிக் சோடாவைச் சொட்டுச் சொட்டாக இறக்குவோம். வெள்ளை லேசான ரோஜா நிறத்துக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்திக் கணக்குப் பார்ப்போம். நல்ல பால் 0.13, 0.15 சதவீதம் என்று காட்டும். 0.2-ஐத் தாண்டிப் போகப் போக அடுப்பில் வைத்ததுமே திரிய ஆரம்பிக்கும்.

இந்த 0.15-ஐப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் பாலில் லாக்டிக் அமிலம் இருக்கிறதே என்று கட்டுரையாளர் துள்ள வேண்டாம். பதிவேட்டில் அதை லாக்டிக் அமிலக் கணக்கில் எழுதுவது வழக்கம், அவ்வளவே. புதுப் பாலில் காஸ்டிக் சோடாவைச் செலவழிக்க வைப்பவை கேசீன், பாஸ்பேட், சிட்ரேட் போன்றவை. பாலில் பிறவியிலேயே இருப்பது லாக்டோஸ் என்ற சர்க்கரை, நூற்றுக்கு நாலரை முதல் ஐந்து பங்கு. பாக்டீரியா அதைத் தின்று கழித்தால்தான் லாக்டிக் அமிலம் உண்டாகும். 1780-ல் சுவீடனின் கார்ல் வில்ஹெல்ம் ஷீலெ இந்த அமிலத்தை முதன்முதலில் பிரித்தெடுத்ததுகூட புளித்துப்போன பாலில் இருந்துதான். சொல்லிக்கொள்ளும் அளவுக்கு லாக்டிக் அமிலம் உள்ள பால் பாக்கெட்டில் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் நீங்கள் அதை முகத்தில் தடவ மாட்டீர்கள், பால்காரரிடம் சண்டைக்குப் போவீர்கள்.

விஞ்ஞானம் ஒப்புக்கொண்டது உண்மைதான். எதை ஒப்புக்கொண்டது என்பதில்தான் வில்லங்கம். 1974-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் யூஜின் வான் ஸ்காட்டும் ரூயி யூவும் இந்த வகை அமிலங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இருந்துதான் இன்றைய கடைகளில் உள்ள அத்தனை ‘பீல்’ சரக்கும் கிளம்பியது. அவர்கள் எடுத்துக்கொண்டது தோல் மீன்செதில் போலத் தடித்து உரியும் பரம்பரை நோயை. கையில் எடுத்தது சுத்தமான அமிலம். இன்றும் கடுமையான வறட்சிக்கு எழுதிக் கொடுக்கப்படும் அம்மோனியம் லாக்டேட் களிம்பில் அது 12 சதவீதம். அளவு மட்டும் போதாது, அமிலம் உப்பாக மாறாமல் அமிலமாகவே இருக்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது பி.எச். பாலின் பி.எச். 6.6-ஐ ஒட்டியது. அந்தச் சூழலில் நீங்கள் லாக்டிக் அமிலத்தைக் கொண்டுவந்து ஊற்றினாலும் ஐந்நூற்றுச் சொச்சத்தில் ஒரு பங்குதான் அமிலமாக மிஞ்சும். மீதியெல்லாம் லாக்டேட் உப்பு. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். இங்கே சோளப்பொரியின் வாசனைதான் இருக்கிறது.

சரி, பாலை விட்டுவிடுகிறேன், தயிரைத் தடவலாமே என்று அடுத்த பதில் வரும் என்று தெரியும். தயிரில் ஒரு சதவீதத்தை ஒட்டி லாக்டிக் அமிலம் இருக்கிறது, மறுக்கவில்லை. பி.எச். நாலரையை ஒட்டி இருப்பதால் அதில் ஐந்தில் ஒரு பங்கு அமிலமாகவே இருக்கும். கணக்குப் போட்டால் 0.2 சதவீதம் தேறும். நன்றாகப் புளித்த தயிரைத் தடவி அலசினால் தோல் கொஞ்ச நேரம் வழவழவென்று இருக்கும். ஆனால் கட்டுரையாளர் வாக்களித்தது வழவழப்பை அல்ல, கரும்புள்ளி மறைவதையும் நிறம் மாறுவதையும். அந்த வேலையைச் செய்யும் அளவுக்கு அமிலம் இருந்தால் அதற்கு எச்சரிக்கையும் சேர்ந்தே வரும். ஒப்பனைப் பொருள்களை ஆராயும் அமெரிக்க நிபுணர் குழு, வீட்டு உபயோகத்துக்கு 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், பி.எச். 3.5-க்குக் கீழே இறங்க வேண்டாம், வெயிலில் இருந்து பாதுகாப்பு வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. இந்த அமிலங்கள் தோலை வெயிலுக்குச் சுலபமாகப் பலியாக்கும். அமிலத்தின் பெருமையை மட்டும் பாலுக்குக் கடன் வாங்கிக்கொண்டு, அதன் எச்சரிக்கையைக் கடைக்காரன் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

பால் தடவினால் முகம் மென்மையாகத்தானே இருக்கிறது, பொய்யா என்று கேட்பவர்கள் உண்டு. பொய் இல்லை. பாலில் 87 சதவீதம் தண்ணீர். கால் மணி நேரம் ஈரம் பட்டால் மேல்தோல் ஊறி உப்பும், சுருக்கம் தற்காலிகமாகத் தெரியாது. கொழுப்பு மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். புரதமும் சர்க்கரையும் காய்ந்து இறுகும்போது முகம் இழுத்துக் கட்டிய மாதிரி தோன்றும். கூடவே கடலை மாவைப் போட்டுத் தேய்த்தால் அழுக்கும் போகும், அதற்கான புகழும் பாலுக்கே. மறுநாள் காலையில் கண்ணாடியில் பழைய முகம் திரும்பி வந்திருக்கும். இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எரிச்சல் எடுத்த தோலுக்குக் குளிர்ந்த பாலில் நனைத்த துணியைப் போடச் சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். பெரியவர்களுக்கு, புண் இல்லாத இடத்தில், கொஞ்ச நேரத்துக்கு. அதில் பெரும்பாலான வேலையைக் குளிர்ச்சியும் ஈரமும் பார்த்துக்கொள்கின்றன. அதற்கும் சிவப்பழகுக்கும் சம்பந்தம் கிடையாது.

வைட்டமின் கதைக்கு அதிக இடம் தர மனம் இல்லை. 100 கிராம் முழுக்கொழுப்புப் பாலில் வைட்டமின் ஏ ஏறக்குறைய 50 மைக்ரோகிராம். 0.1 சதவீத ரெட்டினால் களிம்பு ஒரே ஒரு கிராமில் 1,000 மைக்ரோகிராம் இருக்கும். கிராமுக்குக் கிராம் பார்த்தால் 2,000 மடங்கு வித்தியாசம். வைட்டமின் டி-யைத் தோலுக்கு ஊட்டுவது திருநெல்வேலிக்கே அல்வா கொடுக்கிற வேலை. வெயில் பட்டால் அதைத் தயாரிப்பதே தோல்தான். கால்சியத்தைத் தடவி எலும்பைப் பலப்படுத்தலாம் என்று நல்லவேளையாக எழுதவில்லை.

புரதத்துக்கு வருவோம். கட்டுரையின் ஆபத்து முழுவதும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. நல்ல தோல் யாரையும் சுலபத்தில் உள்ளே விடாது. மூலக்கூறு எடை 500 டால்டனைத் தாண்டினால் பொதுவாக அனுமதி கிடைக்காது என்பது 2000-ல் போஸ், மைனார்டி என்ற இருவர் எடுத்துக்காட்டிய வரம்பு. கேசீனின் எடை 19,000-க்கும் 25,000-க்கும் இடையே. பாலில் உள்ள மற்றொரு முக்கியப் புரதமான பீட்டா லாக்டோகுளோபுலின் 18,000-க்கு மேல். ஆக, ஆரோக்கியமான தோலில் இவை வாசலிலேயே நிற்கும், ஊட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தத் தோல் வெடித்திருந்தால், சொறிந்து புண்ணாகியிருந்தால், கரப்பான் வந்து காவல் தளர்ந்திருந்தால்? அப்போது உள்ளே போகும். போனதும் அங்கே ஊட்டம் வாங்கிக்கொள்ள யாரும் காத்திருக்கவில்லை. காத்திருப்பவை நோய்த்தடுப்பு செல்கள். வாய் வழியாக, குடல் வழியாக வரும் உணவைச் சகித்துக்கொள்ளப் பழகும் அதே உடம்பு, தோலின் விரிசல் வழியாக வரும் புரதத்தை அத்துமீறி நுழைந்த எதிரியாகப் பதிந்துகொள்ளக் கூடும். ஆக, பால் புரதம் உள்ளே போகாவிட்டால் பயன் இல்லை, போனால் வம்பு. கட்டுரையாளர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று அவரே சொல்லட்டும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ஜப்பானில் ‘சா நோ ஷிசுகு’ என்ற பெயரில் முகம் கழுவும் சோப்பு ஒன்று சக்கைப்போடு போட்டது. தேயிலையின் பெயர், இயற்கையின் வாசம், நல்ல நுரை. தோலுக்கு இதமாக இருக்கட்டும் என்று அதில் சிதைத்த கோதுமைப் புரதத்தைச் சேர்த்திருந்தார்கள். அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள், வாழ்நாள் முழுக்க ரொட்டியும் ஊடோன் நூடுல்ஸும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிட்டு வந்தவர்கள். சோப்பைத் தினமும் போட்டுப் போட்டு, கோதுமை சாப்பிட்டால் இமை வீங்கவும் உடம்பு தடிக்கவும் ஆரம்பித்தது. சிலருக்கு மூச்சு முட்டி உயிருக்கே ஆபத்தானது. 2011-ல் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். கடைசியில் இனம் காணப்பட்டவர்கள் 2,000 பேருக்கும் மேல். அலசிவிடும் சோப்பில் இருந்த புரதம் இவ்வளவு செய்தது. கட்டுரையாளர் அலசாமல் காயவிடச் சொல்கிறார்.

அது கோதுமை, நான் சொல்வது பால் என்று தப்பிக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் ஆட்டுப்பால் கலந்த மாய்ஸ்சரைசரைத் தோலில் தடவி வந்த ஒருவருக்கு, பிறகு ஆட்டுப்பால் சீஸ் சாப்பிட்டபோது கடுமையான ஒவ்வாமை வந்ததை மருத்துவ இதழ் ஒன்று 2014-ல் பதிவு செய்திருக்கிறது. குழந்தைகள் விஷயத்தில் அதற்கும் முன்பே மணி அடித்துவிட்டது. பிரிட்டனின் ஏவன் பகுதியில் ஏறக்குறைய 14,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வை வைத்து கிடியன் லாக் குழுவினர் 2003-ல் எழுதினார்கள்: வேர்க்கடலை ஒவ்வாமை வந்த குழந்தைகளில், கடலை எண்ணெய் கலந்த களிம்புகளைப் புண்பட்ட தோலில் தடவியது ஒரு முக்கியத் தொடர்பாகத் தெரிகிறது என்று. கரப்பான் வந்த தோலில் உணவுப் பொருளைத் தடவாதே என்று குழந்தை மருத்துவர்கள் தலையால் தண்ணீர் குடித்துச் சொல்வது இதனால்தான். கைக்குழந்தைகளுக்கு வரும் உணவு ஒவ்வாமைகளில் பசும்பால் முன்வரிசையில் நிற்பது. இட்லியைப் போலவோ கேழ்வரகுக் கூழைப் போலவோ ஒதுக்கிவிட்டுப் போகக்கூடிய உணவும் அல்ல. பாலுக்கு ஒவ்வாமை வந்த குழந்தையின் தாய், பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்காமல் எதையும் வாங்க முடியாது. பிறந்தநாள் வீட்டில் கேக் தட்டு வரும்போதெல்லாம் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பஞ்சும் பாலும் எடுக்கச் சொல்லும்போது இதெல்லாம் கட்டுரையாளர் நினைவுக்கு வந்ததா?

அதிலும் காய்ச்சாத பால்தான் உயர்ந்தது, காய்ச்சினால் சத்து போய்விடும் என்று ஒரு வரி. பாக்கெட் பால் ஏற்கெனவே 72 டிகிரியில் 15 விநாடி சூடு கண்டுதான் வருகிறது என்பதால், அவர் சொல்வது கறந்த பாலை. கறந்த பாலில் வரக்கூடியவற்றில் புரூசெல்லா ஒன்று. 1887-ல் மால்டாவில் டேவிட் புரூஸ் கண்டுபிடித்த கிருமி, ஆட்டுப்பால் வழியாகப் பரவுகிறது என்று 1905-ல் தெமிஸ்தோக்ளிஸ் சமித் காட்டிய கிருமி. விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியுமாக மாதக்கணக்கில் ஆளை உருக்கும். குடித்தால் மட்டுமல்ல, தோலில் உள்ள சிராய்ப்பு வழியாகவும் நுழையும். கால்நடை மருத்துவர்களும் மாட்டுத் தொழுவத்தில் வேலை செய்பவர்களும் கையுறைக்கு அலைவது ஏன் என்று ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம். பரு உடைந்த முகத்திலும் சவரம் செய்த கன்னத்திலும் ஊற்றச் சொல்பவர் அதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

பாலோடு எலுமிச்சைச் சாறு கலந்து தடவிக் காலை வெயிலில் உலர்த்தச் சொல்லும் குறிப்பு தனி ரகம். பால் திரிந்து பன்னீராவது ஒரு பக்கம் இருக்கட்டும். நம் ஊர் எலுமிச்சையில், தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளிக்க வைக்கும் பொருள்கள் இருக்கின்றன. சாறு வழிந்த கோட்டிலேயே சிவந்து, கொப்புளம் கிளம்பி, ஆறியபின் கறுத்த தழும்பு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். நிறம் மாறும் என்று கட்டுரையாளர் சொன்னது இந்த ஒரு குறிப்பைப் பொறுத்தவரை முழு உண்மை.

பக்கவிளைவு இல்லை, இயற்கைதானே என்பவர்களுக்குச் சேங்கொட்டையைச் சிபாரிசு செய்கிறேன். மரத்தில் காய்ப்பது, எந்த ரசாயனமும் சேராதது. சலவைத் துணிக்கு அழியாத குறி போட்ட அந்தக் கொட்டையின் சாறு தோலில் பட்டால் என்ன ஆகும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள்.

வரலாற்றுச் சான்றுகளையும் பார்த்துவிடலாம். கிளியோபாட்ரா கழுதைப் பாலில் குளித்தாள் என்பதற்கு அவள் காலத்துச் சாட்சி ஒன்றும் இல்லை. கழுதைப் பால் குளியல் பற்றி ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியது நீரோவின் மனைவி பொப்பேயாவைப் பற்றி. கிளியோபாட்ரா செத்து ஒரு நூற்றாண்டு ஆன பிறகு எழுதியது. சரி, யாராக இருந்தால் என்ன, பழங்காலத்து ஞானம் அல்லவா என்றால், கழுதைப் பாலைப் புகழும் அதே நூலின் அதே பாகத்தில் முகத்துப் புள்ளிகளுக்கு நிலத்து முதலையின் குடலில் இருந்து எடுக்கும் சாணத்தையும் பிளினி குறித்து வைத்திருக்கிறார். கட்டுரையாளர் அதை ஏன் விட்டுவிட்டார் என்று தெரியவில்லை. அதுவும் இயற்கைதான், அதுவும் பழமைதான்.

பாட்டியை இழுத்ததுதான் எனக்குக் கோபம். எந்தப் பாட்டி? 1950-51-ல் இந்தியாவில் ஆளுக்கு நாளொன்றுக்குக் கிடைத்த பால் 130 கிராம் அளவுதான். 1970-71-ல் அதுவும் குறைந்திருந்தது. அந்த ஆண்டுகளில்தான் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. சராசரியே இதுவென்றால் கூலி வேலைக்குப் போன பாட்டிக்கு என்ன கிடைத்திருக்கும் என்று ஊகிக்கலாம். மாடு வைத்திருந்த பாட்டிக்கும் பால் என்பது காசு. கைக்குழந்தைக்கு ஒரு சங்கு, காய்ச்சலில் படுத்தவருக்கு ஒரு டம்ளர், மீதியை உறைக்கு ஊற்றி மோராக்கி, வெண்ணெயை விற்று வீட்டுச் செலவைப் பார்த்தவள் அவள். முகத்துக்கு அவள் போட்டது மஞ்சளும் பயத்தம் மாவும். உடம்புக்கு நல்லெண்ணெய். உதடு வெடித்தால் விரல் நுனியில் வெண்ணெயோ நெய்யோ தொட்டு வைத்திருப்பாள், கொழுப்பு என்பதால் அது வேலையும் செய்யும். முகம் கழுவப் பாலைக் கொட்டும் பேத்தியைப் பார்த்திருந்தால் அவள் வாயில் வந்திருக்கக் கூடியதை இந்த இதழில் அச்சிட முடியாது.

பாலின் வெண்மை தோலுக்கு வரும் என்ற எண்ணத்தை இந்த நாட்டில் விற்றுக் காசாக்கியவர்கள் பட்டியல் நீளம். 1975-ல் சந்தைக்கு வந்த ஒரு க்ரீம்கூட 2020-ல் தன் பெயரில் இருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லைத் தூக்கிவிட்டு ‘க்ளோ’ என்று மாற்றிக்கொண்டது. பன்னாட்டுக் கம்பெனிக்கே வெட்கம் வந்துவிட்ட பிறகு, சமையலறை வழியாக அதே சரக்கை இலவசமாக விநியோகிக்கிறது இந்தக் கட்டுரை.

கம்பெனிச் சரக்கை வாங்கு என்று சொல்ல நான் வரவில்லை. வறண்ட தோலுக்கு வாசலின் போதும், கிளிசரின் போதும். பெரியவர்களின் வறட்சிக்குத் தேங்காய் எண்ணெயைப் பரிசோதித்துப் பார்த்து அதன் பயனைப் பதிவு செய்த ஆய்வுகள் பிலிப்பைன்ஸில் இருந்து வந்திருக்கின்றன. குழந்தையின் கரப்பானுக்கு வாசனை சேர்க்காத களிம்பும், தேவைப்பட்டால் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் ஓ.பி. சீட்டும் போதும். இவை எதுவும் அரை லிட்டர் பால் பாக்கெட்டைத் தினம் தினம் வாங்கிக் கொட்டுவதைவிடச் செலவு அல்ல.

பளபளப்பு, கிளியோபாட்ரா, வைட்டமின் எல்லாவற்றையும் கட்டுரையாளர் வைத்துக்கொள்ளட்டும், நான் வழக்குப் போடப் போவதில்லை. கைக்குழந்தையின் கரப்பானைப் பற்றிய பத்தியை மட்டும் அவர் திரும்பப் பெற வேண்டும். அடுத்த இதழிலேயே, அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில்.